பக்கவாட்டில் உறுமும் புகைக்குழாய்: லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

பாணர்கள் பண்ணை உருட்டிப் பாடிய ஊர் என்பதால் பண்ருட்டி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஊரை ஒட்டியுள்ள திருவதிகையில்தான் அப்பர் பெருமான் சூலை நோய் தீரத் தம் முதல் பதிகத்தைப் பாடினார் என்பது சைவ மரபு. இசையோடு இப்படிச் சம்பந்தம் கொண்ட ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அந்த ஊரின் கடைத்தெருவில் இன்று வேறு விதமான ஓசையும் கேட்கிறது. காரின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் புகைக்குழாயை நடுவில் அறுத்து, பின் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் திருப்பி விடும் ஆசை வாலிபர்களிடம் பரவியிருக்கிறது. "சைடு சைலன்ஸர்" என்று அதற்குப் பெயர். இது பண்ருட்டிக்கு மட்டும் உரிய ஆசையல்ல. கடலூர், நெய்வேலி, விழுப்புரம், ஏன், கார் ஓடும் எல்லா ஊர்களுக்கும் உரியதுதான்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். சில அடி குழாய், இரண்டு இடத்தில் வெல்டிங், ஒரு பிற்பகல் வேலை. ஆனால் இது காரின் சொந்தக்காரர் மட்டும் தீர்மானித்துக்கொள்ளக் கூடிய விஷயமா, தெருவில் நடப்பவருக்கும் இதில் பங்கு உண்டா என்பதை நிதானமாக எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

பந்தயத்தில் வளர்ந்த பழக்கம்

பக்கவாட்டுக் குழாய் நேற்று முளைத்ததல்ல. 1930-களில் அமெரிக்காவின் டூசன்பர்க், ஜெர்மனியின் மெர்சிடிஸ் ஆகிய கம்பெனிகளின் உயர்ந்த கார்களில், இயந்திர மூடியின் பக்கத்திலிருந்தே பளபளக்கும் குழாய்கள் வளைந்து இறங்கின. இயந்திரத்தின் பலத்தை ஊரறியச் செய்யும் ஆபரணம் அது. 1965-ல் செவ்ரலே கம்பெனி தன் கார்வெட் காருக்குப் பக்கவாட்டுக் குழாயை, வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொருளாகவே விற்றது. அதே காலத்துக் கோப்ரா கார்களிலும் இந்தக் குழாய் பிரசித்தம். அந்தக் காரிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு!

பந்தயக் காருக்கு இதில் நியாயம் இருக்கிறது. குழாய் குட்டையானால் எடை குறையும். வாயு தடையின்றி வெளியேறும். சத்தத்தைப் பற்றி அங்கே யாரும் குறை சொல்வதில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்களே அதைக் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் மோட்டார் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்து லட்சக்கணக்கானவர்களை மயக்கின. 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதையே அமைத்தது. கோவையில் காரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. 2024-ல் ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மின்விளக்கு வெளிச்சத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. உறுமுவதற்கென்று தனி இடங்கள் உண்டு என்பதையே இவையெல்லாம் காட்டுகின்றன.

குழாய் என்ன வேலை செய்கிறது?

நான்கு சிலிண்டர் உள்ள சாதாரணக் காரின் இயந்திரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, விநாடிக்கு 100 முறை வெந்த வாயு சிலிண்டரிலிருந்து அதிர்ந்து வெளியே பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சிறு வெடி. அந்த அதிர்ச்சியை ஏந்தி, அறை அறையாகப் பிரித்து, துளையிட்ட குழல்களின் வழியே செலுத்தி, ஓசை அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவதுதான் சைலன்ஸரின் வேலை. 1897-லேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். மோட்டார் பிறந்து சில ஆண்டுகளுக்குள் அதன் வாயைக் கட்ட வேண்டிய அவசியமும் பிறந்துவிட்டது!

இன்றைய புகைக்குழாய்க்கு இன்னும் இரண்டு பொறுப்புகள் உண்டு. ஒன்று, வாயுவின் விஷத்தைக் குறைப்பது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்" என்ற பெட்டி இதைச் செய்கிறது. 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் "பாரத் 6" விதி வந்த பிறகு, இந்தப் பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கும் உணர்கருவிகளும் குழாயில் பொருத்தப்படுகின்றன.

மற்றொரு பொறுப்பு, எஞ்சிய வாயுவைக் காருக்குள் இருப்பவர்களின் மூக்கிலிருந்து எட்ட, வண்டியின் வாலுக்குக் கொண்டுபோய் விடுவது.

சிறிய கார்கள் பலவற்றில் பெரிய சைலன்ஸர் பின் அச்சுக்கும் அப்பால், பம்பருக்கு அடியில் இருக்கிறது. பின் சக்கரத்துக்கு முன்னால் குழாயைத் திருப்பினால், அந்தச் சைலன்ஸர் தானாகவே கழன்றுவிடுகிறது. கதவுக்கு அடியில் அதே அளவுள்ள இன்னொன்றை வைக்க இடம் கிடையாது. ஒரு சிறு உருளையை வைத்துச் சமாளிக்கிறார்கள், அல்லது அதுவும் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். திசையை மாற்றுவதாகச் சொல்லித் தொடங்கும் வேலை, ஓசையின் கடிவாளத்தை அவிழ்ப்பதில் போய் முடிகிறது.

ஆசைக்கு ஆதரவாக...

எதிர்த் தரப்பின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமல்ல.

முதல் வாதம், உபயோகம். பண்ருட்டியைச் சுற்றியுள்ள செம்மண் பூமியில், முந்திரித் தோப்புகளுக்குள் ஜீப்பில் போகிறவர்கள் உண்டு. மேடு ஏறி இறங்கும்போது வாலில் நீண்டிருக்கும் குழாய் தரையில் இடித்து நசுங்கும். பக்கவாட்டில் முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. சீசனில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பாருங்கள்: பலவற்றில் குழாய் வலப்பக்கத்தில்தான் முடிகிறது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் லாரியின் குழாயும் சைலன்ஸரும் கம்பெனியிலேயே அந்த இடத்துக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அறுத்து ஒட்டியவை அல்ல.

இரண்டாவது வாதம், சிக்கனம். பழைய காரில் பின்பகுதிக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், புதிதாக வாங்குவதைவிட நடுவில் வெட்டித் திருப்பிவிடுவது மலிவு. செலவு குறைகிறது என்பது மெய்தான். ஆனால் துருப்பிடித்த பகுதியைப் புதிதாக மாற்றுவதும் தாங்க முடியாத செலவல்ல. ஒரே ஒரு அபராத ரசீது இந்தச் சிக்கனத்தை விழுங்கிவிடும்.

மூன்றாவது வாதம், வேகம். இதுதான் அதிகம் பேசப்படுவது. இதில்தான் சாரமும் குறைவு. கம்பெனிக் காரில் வாயுவுக்குப் பெரும் தடை இயந்திரத்தை ஒட்டிய பகுதியிலும் கன்வெர்ட்டரிலும் இருக்கிறது. வாலில் சில அடி குழாயைக் குறைப்பதால் ஓட்டுகிறவர் உணரும்படி சக்தி கூடிவிடாது. சில கிலோ எடை குறையும், அவ்வளவுதான். கார் வேகமாகப் போவதாகத் தோன்றுவது காதின் மயக்கம். குறைகுடம் கூத்தாடும் என்ற பழமொழி இந்தக் குழாய்க்கு நன்றாகப் பொருந்தும்.

கடைசி வாதம், அழகும் ஆனந்தமும். உழைத்துச் சம்பாதித்து வாங்கிய காரைத் தன் மனம்போல் அலங்கரித்துப் பார்க்க ஒருவன் விரும்புவதில் தவறு இல்லை. நல்ல இயந்திரத்தின் ஓசையில் ஓர் இனிமை உண்டு என்பதை மறுப்பதற்கும் இல்லை. ஆனால் அந்த ஓசை அவனோடு நின்றுவிடுவதில்லை.

வலமா, இடமா?

புகை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கே சட்டத்தில் விதி இருப்பது பலருக்குத் தெரியாது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112-வது விதி, புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்கிறது. பின்புறமோ வலப்புறமோதான் போக வேண்டும்.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமல்ல. இந்தியாவில் வண்டிகள் இடது ஓரமாகப் போகின்றன. இடப்பக்கம் நடைபாதை, அங்கேதான் பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை நடக்கிறது, பஸ்ஸுக்காகத் தாய்மார்கள் நிற்கிறார்கள், பழக்கடைக்காரர் கூடை பரப்பியிருக்கிறார். குழாயின் வாய் அவர்கள் முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது என்பதே விதியின் கருணை.

அப்படியானால் வலப்பக்கம் திருப்பிவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் இந்தியக் காரில் டிரைவர் உட்காருவதே வலப்பக்கம்! ஜன்னலைத் திறந்துவிட்டு நிதானமாக ஊர்கிற வேளையில், தன் காரின் புகையைத் தானே உண்ண வேண்டியதுதான். ரெயில்வே கேட்டில் காத்திருக்கும்போது வலப்பக்கம் வந்து நிற்கும் ஸ்கூட்டர்காரரின் காலுக்கும், அவர் முன்னால் நிற்க வைத்திருக்கும் குழந்தைக்கும் அந்தக் குழாய் எவ்வளவு அருகில் இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மணமில்லாத விஷம்

பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், அளவு மிஞ்சினால் மரணம்.

பக்கவாட்டுக் குழாயைக் காரின் ஓரத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டால், புகை அடித்தட்டின் கீழே தேங்கி, ரப்பர் அடைப்புகளின் இடுக்கு வழியாக உள்ளே நுழைய இடம் உண்டு. கதவையெல்லாம் சாத்திக்கொண்டு, குளிர்சாதனத்தை ஓடவிட்டுத் தூங்கும் குடும்பத்துக்கு இதைவிட அபாயம் வேறில்லை. ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டினாலோ, இறங்குகிறவர் காலைச் சுடுகிறது.

சூட்டையும் மறக்கக் கூடாது. எரிபொருள் குழாய்க்கு 35 மில்லிமீட்டர் தூரத்துக்குள் புகைக்குழாய் வரக் கூடாது என்கிறது 113-வது விதி. அளவுகோல் வைத்து அளந்து வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை? கோடைக்காலத்தில் முந்திரித் தோப்பில் காய்ந்த சருகு முழங்கால் அளவு கிடக்கும். சாலையில் கதிர் பரப்பிப் போரடிக்கும் வழக்கமும் இன்னும் ஒழியவில்லை. தாழ்வாகத் தொங்கும் கொதிக்கிற குழாய்க்கும் காய்ந்த வைக்கோலுக்கும் சிநேகம் ஆகாது.

ஓசையின் கணக்கு

ஓசையை டெசிபல் என்ற அளவையால் கணக்கிடுகிறார்கள். இது சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஓசையின் சக்தி பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது.

ஒன்பது இருக்கைக்கு மேற்படாத பயணிகள் கார், கம்பெனியிலிருந்து வரும்போது 74 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்று 2005 ஏப்ரலில் வரம்பு வந்தது. குடியிருப்புப் பகுதிகளில் மொத்த ஓசை பகலில் 55, இரவு பத்து மணிக்குப் பின் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்பது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே வரம்பு பகலில் 50, இரவில் 40.

பண்ருட்டி போன்ற ஊரில் இந்த 100 மீட்டர்களை ஒன்றொன்றாக அளந்து கழித்தால் கடைத்தெருவில் மிஞ்சுவது எவ்வளவு? அரசு மருத்துவமனையில் பிரசவ வலியோடு படுத்திருப்பவள், பரீட்சைக்குப் படிக்கும் மாணவன், நெய்வேலியில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் கண் அயரும் தொழிலாளி ஆகிய எல்லோரும் அந்த 100 மீட்டருக்குள்ளோ அதை ஒட்டியோ இருக்கிறார்கள். ஒரு கார் தெருவைக் கடக்கப் பத்து விநாடி போதும். ஆனால் கலைந்த தூக்கம் பத்து விநாடியில் திரும்பி வருவதில்லை.

சாலை ஓசை சராசரியாக 53 டெசிபலைத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2018-ல் ஐரோப்பிய நாடுகளுக்கு எச்சரித்தது. பாரிஸ் நகரில் 2022-ல், அளவுக்கு மீறி அலறும் வண்டியைக் கண்டுபிடித்து அதன் நம்பரைப் படம் பிடிக்கும் கருவியைத் தெருவில் நிறுத்திச் சோதனை தொடங்கினார்கள்.

சட்டத்தின் முடிவு

வலப்பக்கம் புகை விட விதி இடம் தருகிறதே என்று வாதாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி அப்படிச் செய்து சோதனையில் தேறிய வண்டிக்குத்தான் அந்த இடம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஓசை, புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் தடவையே ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதம் லைசென்சும் போகும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரிக்க இடம் உண்டு. புதிய காரானால் கம்பெனியின் உத்தரவாதத்துக்கும் ஆபத்து.

பழி ஒருவர் மேல் மட்டுமா?

2022-ல் கேரளப் போக்குவரத்து இலாகா "ஆபரேஷன் சைலன்ஸ்" என்ற பெயரில் வேட்டை நடத்தியது. வேறு பல நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்ஸர்களைத் தெருவில் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றினார்கள். பார்க்க நல்ல காட்சிதான். ஆனால் ஒரு நாள் காட்சியால் ஓசை அடங்குவதில்லை.

வாலிபனின் காரை நிறுத்தும் அதிகாரி, அதே சாலையில் காதைப் பிளக்கும் ஏர்-ஹாரனோடு பறக்கும் பஸ்ஸையும் நிறுத்த வேண்டும். அதற்கும் விதியில் தடை இருக்கிறது. ஒருவனைப் பிடித்து மற்றவனை விட்டால், சட்டத்தின் மேல் மரியாதை வராது, வீம்புதான் வரும். போலீசார் கையில் ஓசை அளக்கும் கருவி இருந்தால், "சத்தமாகத்தான் இருந்தது", "இல்லை" என்ற தர்க்கத்துக்கும் இடமிராது.

பட்டறைக்காரரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. வரைபடம் இல்லாமல் கண் அளவிலேயே குழாயை வளைத்து ஒட்டும் கைவண்ணம் சாதாரணமானதல்ல. ஜெர்மனியில் காரில் மாற்றம் செய்ய விரும்புகிறவர், அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தேறினால் பதிவுப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு நேர்வழி இங்கும் இருந்தால், தோப்புக்குள் ஜீப் ஓட்டுகிறவரின் நியாயமான தேவையும் தீரும். பட்டறைக்காரரின் திறமைக்கும் கௌரவமான வேலை கிடைக்கும். கதவை முழுக்க அடைத்து வைத்தால் சுவரேறிக் குதிக்கத்தான் ஆள் இருப்பார்கள். சர்க்கார் இதை யோசிக்க வேண்டும்.

அதுவரை, எடை போட்டுப் பார்த்ததில் தட்டு ஒரு பக்கமே சாய்கிறது. பக்கவாட்டுக் குழாயால் வேகம் கூடுவதில்லை, பாதுகாப்பு குறைகிறது, சட்டம் குறுக்கே நிற்கிறது. கிடைக்கிற இன்பம் ஒருவருக்கு. அதன் விலையைக் கொடுப்பது தெரு முழுவதும். குழாய் ஓட்டையானால் அதே இடத்தில் அதே மாதிரிக் குழாயைப் போடுங்கள். கையில் பணம் மிஞ்சினால் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் வாங்குங்கள். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில், ராத்திரி வேளையில் எதிரே மாட்டுவண்டி வந்தால் உயிரைக் காப்பாற்றப்போவது பிரேக்தான், உறுமல் அல்ல. உறுமியே ஆக வேண்டும் என்றால், அதற்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது.